சனிக்கிழமை அனுப்பின போட்டோ

அந்தக் கண்ணாடிகிட்ட போய் நிக்காதீங்கண்ணே, சிஸ்டர் வந்து சத்தம் போடும். நான் மொத நாள் எட்டிப் பாத்து நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். இப்பிடி உக்காருங்க. உள்ள இருக்கிறது அப்பாவா? கால் புண்ணா? சுகரா? சரி சரி. பயப்படாதீங்க. பாக்கத்தான் லாரி டாங்கிய அறுத்துப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கு, உள்ள சேரு, லைட்டு எல்லாம் உண்டு. கதவ இறுக்கி மூடிட்டு காத்த ஏத்துவாய்ங்க. காது அடைக்கும், கொடைக்கானல் பஸ்ல அடைக்குமே அந்த மாதிரி. நாளைக்கு உள்ள போகும்போது எச்சில முழுங்கச் சொல்லுங்க, சரியாப் போகும். அப்புறம் மூஞ்சில மாஸ்க்க மாட்டி சுத்தமான ஆக்சிஜன் குடுப்பாய்ங்க. ரத்தம் எட்டாத எடத்துக்குக்கூட அது ஊறிப் போயி சதைய உசுரோட வைக்குமாம். அப்பாவுக்குத் தலையில எண்ணெய் கிண்ணெய் தடவலையே? நல்லது. எண்ணெய், பவுடரு, நைலான் துணி எதுவும் ஆகாது, ஒரு பொறி விழுந்தா அம்புட்டும் சாம்பல். அதான் எல்லாருக்கும் அந்தப் பச்சைக் காட்டன் சட்டை.

அந்த ஓரத்துல ஒல்லியா ஒண்ணு உக்காந்திருக்கு பாத்தீங்கல்ல, அதான் என் வீட்டுக்காரி. முத்தீஸ்வரின்னு பேரு. அவளுக்கு சுகரும் இல்ல, ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருந்தவ. மூக்குலண்ணே. மூக்கு ஓரத்துல இருந்து மேல் உதடு வரைக்கும் தோல் செத்துப்போச்சு. தீயும் படல, ஆசிட்டும் படல. காசு குடுத்து, சேர்ல சாஞ்சு உக்காந்து, ஊசியில ஏத்திக்கிட்டு வந்தா. சிரிப்பு வருதா? சிரிங்க. எங்க ஊரே சிரிச்சு முடிச்சாச்சு.

இன்னிக்குத்தான் தெரியும். இங்க இருக்கிற லேடி டாக்டர் காலையில கட்ட அவுத்துப் பாத்துச்சு. வேற ஒரு சர்ஜனையும் கலந்துக்கிட்டுக் கூப்பிட்டுச் சொல்றேன்னிருக்கு. அந்த மூக்கு ஓரம் பொழைச்சுக்கிருமா, இல்ல வெட்டி எடுத்துட்டு காதுல இருந்து தோல எடுத்து வச்சுத் தைக்கணுமா, அதான் கேள்வி. எப்பக் கூப்பிடுவாகன்னு டாக்டர் ரூம் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நான் பேசிக்கிட்டே இருக்கேன்னு நெனைக்காதீங்க. பேசலைன்னா எந்திரிச்சுப் போயி எவனையாச்சும் அடிச்சுருவேன்.

ஃபில்லராம். கேள்விப்பட்டிருக்கீங்களா? வயசாக வயசாக மூக்குல இருந்து வாய்க்கு ஒரு கோடு விழுகும்ல, கன்னம் ஒட்டிப்போகும்ல, அதுக்குள்ள ஜெல்லு மாதிரி ஒண்ண ஊசியில விட்டு மேடாக்குறது. தோலுக்கு அடியில நிக்க வேண்டிய ஜெல்லு. இவளுக்கு ரத்தக் குழாய்க்குள்ள போயி அடைச்சுக்கிச்சு. வாய்க்கால்ல சாக்கத் திணிச்சா கீழ்வயல் என்னாகும்? அந்தக் கததான்.

அந்த ஊசி போட்டவ டாக்டர் இல்லண்ணே. பார்லர்க்காரி! புருவம் எடுக்கிறவ! நாலு நாள் எங்கயோ போயி படிச்சுட்டு வந்து சுவத்துல சர்ட்டிபிகேட்ட மாட்டி வச்சிருக்கா. அவ கடைக்கு போர்டு அடிச்சுக் குடுத்ததே நான்தான்னா பாத்துக்கங்க. "பளிச்சுன்னு போடுங்க சார்"னா. போட்டேன். எரியுற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? அவளையும் விடப்போறதில்ல. ஆனா அவ ரெண்டாவது. மொத ஆளு வேற ஒருத்தன் இருக்கான். வர்றேன்.

நமக்கு திருமங்கலத்துல ஃப்ளெக்ஸ் கடை. கூடலிங்கம்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுல சின்னப்புள்ளையும் சொல்லும். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எதுன்னாலும் நம்மகிட்டதான். மத்தவன் எழுத்த நல்லா அடிப்பான், கலர நல்லா அடிப்பான். மூஞ்சின்னா நான்தாண்ணே. பொட்டிக்கடை வாசல்ல எண்ணெய் வடிய நின்னு எடுத்த போட்டோவ போன்ல அனுப்புவாய்ங்க. அத எட்டடிக்கு ஆக்கி வாசல்ல நிறுத்துனா மாமன் மச்சான் அம்புட்டுப் பேரும் ஒரு நிமிசம் நின்னு பாக்கணும். கரும்புள்ளிய எடுக்கணும், தாடைய இழுக்கணும், கண்ணுக்குள்ள ஒரு வெளிச்சப் புள்ளி வைக்கணும். போன மாசம் ஒரு கண்ணீர் அஞ்சலி. செத்தவருக்கு கண்ணுக்குக் கீழ பை. மகன் வந்து, "அப்பாவக் கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா ஆக்குங்கண்ணே"ங்கிறான். ஆக்கிக் குடுத்தேன். அந்தாளு சம்சாரம் பேனரப் பாத்துட்டு, இம்புட்டு நல்லா இருந்த மனுசன் எப்பிடிச் செத்தான்னு புதுசா அழுக ஆரம்பிச்சிருச்சு. அதாண்ணே வேலை. பச்சையா ஒரு மூஞ்சிய நான் கடைய விட்டு வெளிய அனுப்புனதே கிடையாது. அது வர்றவனுக்கு நாம செய்யிற மரியாதை.

எங்க மகளுக்குக் காதுகுத்து வச்சோம், வைகாசியில. ஊருக்கெல்லாம் பேனர் அடிக்கிறவன் சொந்தப் பேனர எப்பிடி அடிப்பான்? இருபதடி. நடுவுல மக, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. அவ போட்டோவுக்கு மட்டும் ஒரு ராத்திரி உக்காந்தேன். இவ கன்னம் கொஞ்சம் உள்ள போயிருக்கும். அத ஏத்துனேன். வாய்ப்பக்கம் கோட்ட எடுத்தேன். உதட்டக் கொஞ்சமே கொஞ்சம். அண்ணே, மகாலட்சுமி! நானே எந்திரிச்சு நின்னு பாத்தேன்.

காதுகுத்து அன்னிக்கு எங்க அக்கா மண்டபத்து வாசல்ல நின்னுக்கிட்டு, "ஏய், என் தம்பி பேனர்ல வேற பொண்டாட்டி கட்டிட்டாண்டி!"ன்னுச்சு. கூட்டமே சிரிச்சுச்சு. இவளும்தான் சிரிச்சா. நான் பாத்தேனே, தாம்பாளத்தக் கையில வச்சுக்கிட்டு நல்லாத்தான் சிரிச்சா. கேலி பண்ணத்தான அக்கா தங்கச்சி? அதுல என்ன குத்தம்? மத்தவனா இருந்தா பேனரக் கழட்டி ஆட்டுக் கொட்டாய்க்குக் கூரை போடுவான். இவ அந்த இருபதடியையும் சுருட்டி பரண்ல வச்சா. நான் பெருமப்பட்டுக்கிட்டேன். ஒரு நாள் சோறு போடும்போது, "நான் எப்பவாச்சும் அப்பிடி இருந்தேனா?"ன்னு கேட்டா. இருந்தா நல்லாத்தான் இருக்கும்னேன். வெளையாட்டுக்குத்தாண்ணே. புருசன் பொண்டாட்டிக்குள்ள வெளையாட்டுப் பேச்சு இல்லாமயா?

கடைசில என்ன பண்ணிருக்கா தெரியுமா? அந்தப் பேனர் போட்டோவத்தான் போன்ல வச்சு அந்தப் பார்லர்க்காரிகிட்ட காமிச்சிருக்கா. "இது மாதிரி ஆக்க முடியுமா?" இது என்ன தையக்கடையாண்ணே, அளவுச் சட்டைய நீட்டி இது மாதிரி தைங்கன்னு சொல்றதுக்கு? கம்ப்யூட்டர்ல ஏத்துறது வேற, சதையில ஏத்துறது வேறன்னு தெரிய வேணாம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா கால ஒடிச்சு வீட்டுல உக்கார வச்சிருப்பேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறேன்னுட்டுப் போனா. வந்தவ மூஞ்சியத் துண்டால பொத்திக்கிட்டு மூலையில படுத்துக்கிட்டா.

சனிக்கிழமை காலையில துண்ட எடுத்துப் பாக்குறேன், எனக்கு உசுரே இல்ல. மூக்கு ஓரம், உதட்டுக்கு மேல, கன்னத்துல கொஞ்சம், எல்லாம் ஊதாக் கலர்ல கோடு கோடா, மீன்வலைய நனைச்சு ஒட்டுன மாதிரி. விரல வச்சு அமுக்குனா வெள்ளையாப் போகுது, திரும்ப நெறம் வரமாட்டேங்குது. வலியில பல்லக் கடிக்கிறா. பார்லர்க்காரிக்குப் போனப் போட்டா, "ஐஸ் வைங்க சார், எல்லாருக்கும் அப்பிடித்தான், தானா அமுங்கிரும்"கிறா. வாயில வந்ததையெல்லாம் பேசுனேன். போன ஆஃப் பண்ணிட்டா.

மெடிக்கல் ஷாப் வச்சிருக்கிற நம்ம கூட்டாளி ஒருத்தன் ஒரு ஸ்கின் டாக்டர் நம்பரக் குடுத்தான். மதுரையில பெரிய கை, நிமிசத்துல சொல்லிருவாருன்னான். இந்த டாக்டர்தாண்ணே மொத ஆளு. நான் சொன்னேன்ல? போனப் போட்டேன். ஏதோ மீட்டிங்காம், மெட்ராஸ்ல இருக்கேன்னான். "பதறாதீங்க. நல்ல வெளிச்சத்துல தெளிவா ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க. மோசமா இருந்தா எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு இப்பவே சொல்றேன். இதுல நேரம் முக்கியம்"னான். நல்லாத்தான பேசுனான்? நானும் நம்பிட்டேன்.

தெளிவா ஒரு போட்டோவாம். யாருகிட்ட கேக்குறான்! ஜன்னல் பக்கம் ஸ்டூலப் போட்டு உக்கார வச்சேன். எதிர்த்தாப்புல வெள்ளைத் தெர்மாகோலப் பிடிச்சு வெளிச்சத்தத் திருப்பி விட்டேன். நேரா ஒண்ணு, சைடுல ஒண்ணு. எந்த ஸ்டுடியோக்காரனும் அப்பிடி எடுக்க மாட்டான். எடுத்துட்டுப் பாக்குறேன். ஐயோ. கண்ணால பாத்ததவிட போன்ல இன்னும் கோரமாத் தெரியுது. என் பொண்டாட்டிண்ணே அது. முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆம்பளை போன்ல இந்த மூஞ்சியாப் போயி விழுகணும்? மீட்டிங்னு வேற சொல்றான், பக்கத்துல எவன் எவன் எட்டிப் பாக்குறானோ. அதனால லேசா ஒரு தொடப்பு தொடச்சேன். பொய் எதுவும் பண்ணலண்ணே. மூக்க மாத்தல, வாய மாத்தல. நெறத்தச் சமன் பண்ணேன், அந்த வலை மாதிரி இருந்ததக் கொஞ்சம் எறக்குனேன், அம்புட்டுத்தான். செவப்ப அப்பிடியே விட்டேன், டாக்டருக்குத் தெரியணும்ல? எங்க கைக்கு அது பழக்கம். மூஞ்சி கழுவாம யாராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா? அந்த மாதிரிதான்.

அனுப்புன கையோட பதில் வந்துருச்சு. "லேசாகச் சிவந்து வீங்கியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. திங்கட்கிழமை கிளினிக்குக் கூட்டி வாருங்கள்." இப்பவும் என் போன்ல இருக்குண்ணே. நான் அழிக்கல. ஒரு பொம்பளை வலியில துடிக்கிறா, இவன் திங்கக்கிழமை வாங்கிறான்! போட்டோவப் பாத்தானா, இல்ல பிரியாணியத் தின்னுக்கிட்டே ஒரு கண்ணால பாத்தானா?

ஞாயித்துக்கிழமை சின்னச் சின்னதா கொப்புளம் கெளம்பிருச்சு. மூக்கு ஓரம் கருக்குது. இவ, "என்னங்க, நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம், எனக்கு என்னமோ பயமா இருக்கு"ங்கிறா. நான்தான் அதட்டுனேன். பெரிய டாக்டர் பாத்துட்டுச் சொல்லிட்டாரு, நீ என்ன அவரவிடப் படிச்சவளான்னு. அண்ணே, டாக்டர் சொல்ல மதிக்கிறது தப்பா? இருந்தாலும் மனசு கேக்கல. இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புனேன். அன்னிக்குக் கொஞ்சம் கூட வேலை இழுத்துச்சு, அந்தக் கருப்ப எறக்குறதுக்கு. என்ன பதில் வருது தெரியுமா? "நேற்று போலத்தான் இருக்கிறது. மோசமாகவில்லை." மோசமாகவில்லையாம்! கட்டையில போறவன்!

திங்கக்கிழமை அவன் கிளினிக் தெறக்கிறதுக்கு முன்னாடியே போயி வாசல்ல நின்னோம். உள்ள போனதும் இவ துண்ட எடுத்தா. அந்தாளு சேர்ல இருந்து எந்திரிச்சுட்டான். "எப்ப இருந்து இப்பிடி இருக்கு?"ங்கிறான். சனிக்கிழமையில இருந்துன்னேன். "சனிக்கிழமையா? நீங்க அனுப்புன போட்டோவுல இப்பிடி இல்லையே!"ங்கிறான். எப்பிடிப் பல்டி அடிக்கிறான் பாருங்க! போன எடுத்து நான் அனுப்புனதப் பாக்குறான், அவ மூஞ்சியப் பாக்குறான், திரும்பப் போனப் பாக்குறான். "இது இவங்க போட்டோதானா?"ன்னு எங்கிட்டயே கேக்குறாண்ணே! கட்டுன பொண்டாட்டி மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையால்ல இருக்கு? நோயப் பாக்கத் தெரியாதவன் போட்டோ மேல பழியப் போடுறான். நான் சட்டையப் பிடிச்சுட்டேன். கம்பவுண்டரு, நர்ஸு எல்லாம் வந்துதான் விலக்கி விட்டாய்ங்க.

அந்த நேரம் பூரா இவ ஸ்டூல்ல உக்காந்து என்னையப் பாத்துக்கிட்டே இருந்தா.

அப்புறம் அவனே ஜெல்லக் கரைக்கிற ஊசிய அங்கங்க போட்டான். மொத நாளே போட்டிருந்தா அந்த ஊசியோட கதை முடிஞ்சிருக்குமாம். அவன் வாயாலயே சொன்னான், கேட்டுக்கங்க. இப்ப அரையும் குறையுமாத்தான் ரத்தம் ஓடும், தோலக் காப்பாத்தணும்னா ஆக்சிஜன் டாங்கியில உக்கார வைக்கணும், உடனே கெளம்புங்கன்னு இங்க அனுப்பிவிட்டான். அன்னியில இருந்து தெனம் வர்றோம். திருமங்கலத்துல இருந்து பஸ்ஸு. இவ மொகத்துல துணியக் கட்டிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருப்பா. காதுவலி தாங்காம ஒரு நாள் உள்ள அழுதிருக்கா. கண்ணாடி வழியாப் பாத்துட்டேன். என்னால ஒண்ணும் பண்ண முடியலண்ணே. கதவத் தெறக்க முடியாது, கையப் பிடிக்க முடியாது. இந்தப் பக்கம் நின்னு நானும் எச்சில முழுங்கிக்கிட்டே இருந்தேன், என்னமோ அது அவளுக்குப் போய்ச் சேருற மாதிரி.

கொஞ்சம் கொஞ்சமாத் தேறுச்சு. கன்னத்துல நெறம் வந்துருச்சு. உதட்டுக்கு மேல கருப்புப் பொருக்கு உதுந்து உள்ள ரோஸ் கலர்ல புதுத் தோல். இந்த டாங்கிக்குத்தான் மாலை போடணும். அதனால சொல்றேன், உங்கப்பாவுக்கும் கால் தேறிரும், தைரியமா இருங்க. மூக்கு ஓரம் மட்டும்தான் பிடிவாதம் பிடிக்குது.

நேத்து என்ன நடந்துச்சுன்னா, இந்த லேடி டாக்டர் அவள மட்டும் ரூமுக்குள்ள கூப்பிட்டுச்சு. நான் எந்திரிச்சா, நீங்க இருங்கங்குது. கதவு இடுக்குல பாத்தேன், கம்ப்யூட்டர்ல என்னத்தையோ காமிக்கிது. அந்த ஸ்கின் டாக்டர்கிட்ட இருந்து எதையோ வாங்கி வச்சிருக்காய்ங்க போல. இவ குனிஞ்சு குனிஞ்சு பாக்குறா. அவ போனையும் எடுத்து டாக்டர்கிட்ட நீட்டுறா. அவளும் கண்ணாடி முன்னாடி நின்னு என்னமோ போட்டோ எடுத்து வச்சிருந்தா போலருக்கு, எனக்கென்ன தெரியும்? வெளிய வந்ததுல இருந்து எங்கிட்டப் பேச்சில்லண்ணே. பஸ்ல பேச்சில்ல. வீட்டுல பேச்சில்ல. மக கேட்டா பதில் சொல்றா, எங்க அக்கா கேட்டா பதில் சொல்றா, நான் கேட்டா சுவத்தப் பாக்குறா. நான் என்ன பண்ணேன்? கடையப் பூட்டிப்போட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையிறவன் நானு. எவளோ ஊசி போட்டா, எவனோ கோட்டை விட்டான், கடைசில மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறது எங்கிட்ட!

எனக்கு என்ன தோணுதுன்னா, டாக்டருக்கு டாக்டரு ஒண்ணு கூடிக்கிட்டாய்ங்க. கேஸு கீஸு போட்டுறக்கூடாதுன்னு இவள மூளைச்சலவை பண்ணிவிட்டுட்டாய்ங்க. போடாம இருப்பேனா? வக்கீலப் பாத்துட்டேன். அதுக்கு முன்னாடி நம்ம கைவசம் தொழில் இருக்குல்ல? அவன் கிளினிக்குக்கு எதிர்ல ஒரு பேனர் வைக்கப்போறேன். கண்டனப் பேனரு. டிசைன் ரெடி. அவன் மூஞ்சியப் பெருசாப் போட்டிருக்கேன். அதுல மட்டும் ஒரு தொடப்புக்கூடத் தொடைக்கல, பாத்துக்கங்க! கன்னத்துல இருக்கிற குழி, மூக்குல இருக்கிற மயிரு, அம்புட்டும் உள்ளது உள்ளபடி. பாக்குறவன் பயந்து ஓடணும்.

இருங்க, சிஸ்டர் கூப்பிடுது. லேடி டாக்டர் ரூமுக்கு வரச் சொல்றாங்க. இருங்கண்ணே, எங்கயும் போயிராதீங்க. வந்துர்றேன்.

கொஞ்சம் நகருங்கண்ணே. உக்காந்துக்கிறேன். தண்ணி இருக்கா? குடுங்க.

வெட்டணுமாம்.

மத்ததெல்லாம் தேறிருச்சாம். அந்த ஓரம் மட்டும் தேறாதாம். மூக்குத்தி போடுற எடம்ண்ணே. கல்யாணத்துக்கு எங்கம்மா குத்திப் போட்டுவிட்ட மூக்குத்தி. இனிமே அந்தப் பக்கம் குத்தவும் முடியாதாம். டாக்டரம்மா நிதானமாத்தான் சொல்லுச்சு. "சனிக்கிழமையே கரைக்கிற ஊசி போட்டு இங்க வந்திருந்தா இதையும் காப்பாத்திருக்கலாம்"னுச்சு. சொல்லிட்டு என்னையவே பாக்குது. என்னைய ஏன் பாக்கணும்? ஆ? நானா ஊசி போட்டேன்? நானா திங்கக்கிழமை வாங்கன்னேன்? ரெண்டு நாளுண்ணே! ரெண்டு நாள என் பொண்டாட்டி மூஞ்சில இருந்து களவாண்டுட்டான் அந்தப் பாவி. இந்தச் சென்மத்துல அவன விடமாட்டேன். கோர்ட்டுல ஏத்தி, கொரவளையப் பிடிச்சு, சனிக்கிழமை ஏண்டா சொல்லலன்னு கேப்பேன். ஆதாரம் என்கிட்ட இருக்கு. நாளு, நேரம், ரெண்டு நீலக் குறி, அவன் பதிலு, எல்லாம் அதுலயே இருக்கு.

நம்பலையா? இந்தாங்க. நீங்க மூணாவது மனுசரு, உங்களுக்கு எந்தப் பக்கமும் இல்ல. நீங்களே பாத்து ஒரு நியாயம் சொல்லுங்க. இதுதான் சனிக்கிழமை அனுப்புனது. பாருங்க. நல்லாப் பாருங்க. இந்த மூஞ்சியப் பாத்துட்டு ஒரு மனுசன் திங்கக்கிழமை வாங்கன்னு சொல்லுவானா?

என்னண்ணே?

என்னது?

நல்லாத்தான் இருக்காங்களா? கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்கண்ணே! மூக்கு ஓரத்தப் பாருங்க, இந்தா, இங்கிட்டு. பெருசு பண்ணிப் பாருங்க. இன்னும் பெருசா. லேசாச் செவந்திருக்கா? லேசாவா? யோவ், என்னய்யா நீயும் அந்த டாக்டர் சொன்னதையே சொல்ற! அவ துடிச்ச துடிப்பு எனக்குத் தெரியும்யா! இதுலயா ஒண்ணும் இல்லங்கிற? இங்க குடு, நான் காட்டுறேன். இந்த எடத்துல, இதோ, இந்த எடத்துலதான... இருந்துச்சு.

இருங்க. இருங்க. காத்து எறங்குற சத்தம். கதவத் தெறக்கிறாய்ங்க, அவ வர்றா. போனக் குடுங்கண்ணே, வெரசாக் குடுங்க. நேத்து ராத்திரி எங்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் பேசுனா. "கேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தப் போட்டோவ மட்டும் வெளிய யாருக்கும் காட்டிறாதீங்க. உங்களத்தான் கேவலமாப் பேசுவாங்க"ன்னா.

என்னைய எதுக்குப் பேசப் போறாய்ங்க?